எக்கோவைக் குறைத்து வைத்த கூட்டம்

கல்யாணத்துக்கு என்றால் எக்கோவைக் கொஞ்சம் தூக்கி வைப்பேன்.
கருத்துக் கேட்புக்கு அடியோடு இறக்கிவிட வேண்டும்.
அதிகாரி சொல்வது இரண்டு முறை கேட்கக் கூடாது.

மஞ்சக்குப்பம் மண்டபம்.
நேற்றைய ரிசப்ஷன் வாழைமரம் இன்னும் வாசலில்.
நாற்காலிக்கெல்லாம் வெள்ளை உறை, மஞ்சள் ரிப்பன்.

ஆளுக்கு மூன்று நிமிடம், தம்பி,
முடிந்ததும் மைக்கை அணைத்துவிடு என்றார்கள்.
சரி என்றேன்.
அதற்கும் சேர்த்துத்தான் வாடகை.

திரையில் ஒரு சிவப்புக் கோடு,
ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல்
ஆற்றையெல்லாம் தாண்டிப் போனது.
மணிக்கு முந்நூற்று இருபது.
முன்வரிசைப் பையன் கைபேசியில் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"பெண்ணையாத்துக்கும் கெடிலத்துக்கும் நடுவுல
நம்ம ஊரு ஒரு நிமிஷம்கூட இல்ல சார்."
சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார்.
இங்கே நிற்குமா என்று யாரோ கேட்டபோது மட்டும்
தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

பணம்?
ஐம்பது வருடக் கடன்.
வட்டி அரை சதவீதத்துக்கும் கீழே.
முதல் பத்து வருடம் கட்டவே வேண்டாம்.

பூண்டியாங்குப்பத்துத் தனபாக்கியம் எழுந்தாள்.
வாயோடு ஒட்டிப் பிடித்ததில் கரகரத்தது,
ட்ரெபிளைக் குறைத்தேன்.
"எங்க குழுவுக்கு நூத்துக்கு இருபத்தாறு.
செவ்வாக்கிழம காலைல ஒம்போது மணிக்கெல்லாம்
வாசல்ல வந்து உக்காந்துக்குவாரு.
சாவு வூடுன்னாலும் கட்டிட்டு அழுங்கன்னுவாரு.
அந்த அரை சதவீதக்காரரு அட்ரஸ் இருந்தா
எங்களுக்குக் குடுங்க சார்,
வண்டி உங்களுக்கே இருக்கட்டும்."

மீட்டர் ஊசி சிவப்பைத் தொட்டு இறங்கியது.
அவ்வளவு கைதட்டல்.

அடுத்து இருசப்பன்.
சர்வே நம்பரை ரேஷன் கார்டு நம்பர் போல ஒப்பித்தார்.
முந்திரித் தோப்பு. தானே புயலில் மொத்தமும் சாய்ந்தது.
மறுபடி நட்டு, இப்போதுதான் கையில் நாலு காசு.
"இழப்பீடு இழப்பீடுன்றீங்களே,
அந்தப் பணம் எந்தக் கடன்ல வருது?
அதுவும் அம்பது வருசம் கழிச்சா?
தோப்புக்கு நடுவுல தூண் வரும்…"
மூன்று நிமிடம்.
அணைத்தேன்.
அவர் நிறுத்தவில்லை.
பின்வரிசைக்கு வாய் அசைவது மட்டும் தெரிந்திருக்கும்.

ஆக்னஸ் கடைசியில் வந்தாள். சென்னையில் நர்ஸ்.
"வேணும்னு சொல்ல வந்திருக்கேன். திட்டாதீங்க.
வாராவாரம் கிளாம்பாக்கத்துல ஏறி
நின்னுகிட்டே வரவ நான்.
அப்பாவுக்கு வலின்னு போன் வந்தது ஆறரைக்கு.
நான் வந்து இறங்கினப்ப பதினொன்றரை.
பெட்டிக்கு ஐஸ் வச்சிருந்தாங்க.
எவ்வளவு கோடின்னு நான் கேக்கல.
ஒரு மணி நேரம்னு போட்டிருக்கே,
அது நெசமான்னு மட்டும் சொல்லுங்க."

மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம்.
எதிர்வரிசையில் தனபாக்கியம்,
மைக் இல்லாமல், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி:
"அது இங்க நிக்காதாமே, கண்ணு."

கடிகாரத்தைப் பார்த்தேன். நாலரை நிமிடம் ஓடியிருந்தது.
ஏன் அணைக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

ஒயரைச் சுற்றும்போது பில்லை நீட்டினேன்.
மூவாயிரத்து ஐநூறு.
ஆபீஸில் கொடு, ஃபண்டு வந்ததும் பார்க்கலாம்.
வெள்ள நிவாரணக் கூட்டத்துப் பில்லும்
அந்த ஃபைலில்தான் இருக்கிறது.

பாதிரிக்குப்பம் கேட் மூடியிருந்தது.
பாக்ஸ்களோடு என் குட்டியானை,
பக்கத்தில் டிவிஎஸ்ஸில் ஒரு கால் ஊன்றி இருசப்பன்.
என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"எந்த எடத்துல தம்பி அணைச்ச?"

"தூண் வரும்னு சொன்னீங்களே, அங்க."

விழுப்புரம் பாசஞ்சர் இன்னும் வரவில்லை.
எஞ்சினை நிறுத்தினேன்.
அவர் அங்கிருந்து தொடங்கினார்.